ஏசுகிறவர் ஓட்டு

அன்று காலையில் மட்டும் பிரமசக்திக்குப் பதினேழு ஆரத்தி. குங்குமம் வியர்வையில் கரைந்து மூக்கு நுனிவரை இறங்கிவிட்டது. பதினேழு வீட்டிலும் ஒரே வார்த்தைதான். "எங்க ஓட்டு ஒங்களுக்குத்தான்க்கா, கவலப்படாமப் போங்க." திரேஸ்புரம் கடற்கரைத் தெரு முழுக்க நடந்து முடித்து வேனுக்குள் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு மனது நிறைந்திருந்தது. இவ்வளவு பேரா என்று வியப்பாகக்கூட இருந்தது.

பிரசாரக் கணக்கைப் பார்க்கிற ரிஸ்வானா கைக்கணினியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். நேற்று 5.2. இன்று 4.9.

"இது எப்படி கொறையும்?" என்றாள் பிரமசக்தி.

"நாம போன தெருவுல மட்டும்தான்க்கா கொறைஞ்சிருக்கு. போகாத தெருவுல அப்படியே நிக்குது."

இந்த எண் என்னவென்று சொல்லாமல் மேலே போக முடியாது. நாட்டின் தலைவரை மக்களே நேராகத் தேர்ந்தெடுக்கலாம் என்று சட்டம் வந்து இருபது வருஷம் ஆகிறது. முதல் தேர்தலில் நூற்றுப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். வாக்குச்சீட்டு வேட்டி நீளத்துக்கு இருந்ததாம். அதற்கு மருந்தாகக் கண்டுபிடித்ததுதான் நிழல் தேர்தல். எல்லார் வீட்டுச் சுவரிலும் உள்ளங்கை அகலத்தில் ஒரு கருவி இருக்கிறது. ரேஷன் வேண்டுமானாலும் ஆஸ்பத்திரி வேண்டுமானாலும் அதனிடம்தான் சொல்ல வேண்டும். அரசாங்கம் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்தது. ஜனங்கள் காது என்றார்கள். காது கேட்டதையெல்லாம் சேர்த்து, ஒவ்வொரு வாக்காளருக்கும் தேர்தல் இயந்திரத்துக்குள் ஒரு நிழல் செய்து வைத்திருக்கிறார்கள். பிரசாரம் நாற்பது நாள். நூற்றுக்கு எத்தனை நிழல் யார் பக்கம் நிற்கிறது என்ற எண் அவ்வப்போதே வெளியே தெரியும். நாற்பதாம் நாள் நிழல்கள் ஓட்டுப் போடும். அதில் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்களின் பெயர்தான் நிஜத் தேர்தலின் சீட்டில் இருக்கும். மற்றவர்கள் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

செலவு மிச்சம், நேரம் மிச்சம், அடிதடி கிடையாது என்றார்கள். மூன்று தேர்தலாக அந்த இரண்டு இடமும் அதே இரண்டு பழைய கட்சிகளுக்கே போயின. யாரும் எங்கேயும் கள்ளத்தனம் செய்யவில்லை. வயிற்றெரிச்சலே அதுதான். கள்ளன் என்று ஒருவன் இருந்தால் பிடித்துக் கட்டி வைக்கலாம்.

பிரமசக்திக்கு நாற்பத்து நான்கு வயது. பதின்மூன்று வயதில் தூத்துக்குடி உப்பளத்தில் இறங்கியவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் தொடங்கிய நாற்பத்தொரு நாள் வேலைநிறுத்தம் ஏழு மாநிலத்து உப்பளங்களுக்கும், பிறகு துறைமுகங்களுக்கும், தேயிலைத் தோட்டங்களுக்கும் பரவியது. ஆறு மணி நேர வேலை, காசு கேட்காத வைத்தியம் என்று அவள் பேசுவதைக் கேட்க எங்கும் கூட்டம் கூடியது. எல்லாவற்றுக்கும் மேலாக அவள் கொடுத்த வாக்கு ஒன்று: வந்த முதல் நாளே வீட்டுக்குள் இருக்கிற காதைக் கழற்றி எறிவேன். அதைச் சொல்லும்போதெல்லாம் கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆகும். நிழல்கள் மட்டும் கைதட்டவில்லை. இன்று பதினான்காம் நாள். இரண்டாம் இடத்துக்கு இருபத்து நான்கு வேண்டும்.

முன் இருக்கையில் இருந்த ஸ்டான்லி பர்னாந்து சத்தமில்லாமல் சிரித்தார். அவர் முப்பது வருஷம் இரண்டு பழைய கட்சிகளுக்கும் மாறி மாறி ஓட்டுக் கேட்டுக் கொடுத்தவர். இருவருமே ஏமாற்றிய பிறகு பிரமசக்தியோடு வந்து சேர்ந்தார்.

"எதுக்கு அண்ணாச்சி சிரிக்கீங்க?"

"ஆரத்தி எடுத்த வீட்டுல எந்தக் காலத்துல தங்கச்சி ஓட்டு விழுந்துச்சு? வாசலுக்கு வந்தவங்கள மொகம் வாட அனுப்பக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லி விடுவாக, ஒங்களுக்குத்தான்னு. பின்னாலயே அடுத்த கட்சிக்காரன் வருவான். அவனுக்கும் அதே தட்டு, அதே வார்த்தை. மரியாதை. வேற ஒண்ணுமில்ல."

"அப்ப யாருதான் போடுவா?"

"ஏசுறவன் போடுவான். 'போன தடவ வந்து என்னத்தக் கிழிச்ச, தண்ணி எங்க, ரோடு எங்க'ன்னு கைய நீட்டி ஏசுறான் பாரு, அந்த ஓட்ட எழுதி வச்சுக்கிடலாம். உரிமை இருக்கப் போயித்தான ஏசுதான்? அடிக்கிற கைதான் அணைக்கும்."

ரிஸ்வானா கணினியை மூடிவிட்டு அவரையே பார்த்தாள். காயல்பட்டினத்துப் பெண். நிழல் செய்கிற ஆணையத்தில் நான்கு வருஷம் வேலை பார்த்து, பிடிக்காமல் வெளியே வந்தவள்.

"இதத்தான் அது கத்துக்கிட்டிருக்கு," என்றாள். "ஒரு தெருவுல என்ன பேசினாங்கன்னு காதுல இருக்கு. அந்தத் தெருவுல யாருக்கு எத்தனை விழுந்துச்சுன்னு பூத் கணக்குல இருக்கு. மூணு தேர்தலா ரெண்டையும் ஒட்டிப் பாத்திருக்கு. பதமாப் பேசினா ஓட்டு இல்ல, ஏசினா ஓட்டு. யாரும் அதுக்குச் சொல்லிக் கொடுக்கல."

"நெசமாவே எனக்குப் போடணும்னு நெனச்சு ஒருத்தி ஒங்களுக்குத்தான்னு சொன்னா?"

"அதுவும் மரியாதைக் கணக்குலதான்க்கா போகும். நடந்ததை வச்சுத்தான் அது கத்துக்குது. நடக்காததை எங்க போயிக் கத்துக்கும்?"

வேன் உப்பளங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. வெயிலில் பாத்திகள் கண்ணைக் கூசவைத்தன. பிரமசக்தி கொஞ்ச நேரம் வெளியே பார்த்துவிட்டு, தானும் சிரித்துவிட்டாள்.

"அப்ப ஏசச் சொல்லுவோம்," என்றாள்.

அவள் வாயிலிருந்துதான் அது வந்தது. பிற்பாடு பர்னாந்து மேல் பழி போட முடியாமல் போனதற்கு அதுதான் காரணம்.

செய்தியைக் காதுக்கு எட்டாமல் பரப்ப வேண்டும். உப்பளத்துக்குச் சுவர் கிடையாது. சுவர் இல்லாத இடத்தில் காதும் கிடையாது. பாத்தியில் வாருபலகை இழுக்கிற பெண்கள் ஒருத்திக்கு ஒருத்தி சொன்னார்கள். கடலுக்குள் வள்ளத்திலிருந்து வள்ளத்துக்குப் போயிற்று. துறைமுகத் தொழிலாளிகள் வழியாகக் கிழக்குக் கரை முழுக்க ஏறி, தேயிலைத் தோட்டங்கள் வழியாக வடகிழக்கு வரை போய்ச் சேர்ந்தது. ஊருக்கு ஊர் மரியாதை வேறு மாதிரி. சில ஊரில் டீ கொடுத்து அனுப்புவார்கள், சில ஊரில் சால்வை. கணக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். பிரமசக்திக்குப் போட வேண்டுமானால் அவளை ஏசு.

முதல் ஏச்சு முல்லைக்காட்டில் விழுந்தது. கனகமணி என்று ஒரு அம்மாள், இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலை மறித்தாள்.

"ஏட்டி சத்தி, நில்லு அங்கன. ஓட்டுன்னதும் வழி தெரிஞ்சிட்டோ? போன பங்குனியில எம் மவ கல்யாணத்துக்குப் பத்திரிக்க வச்சேன். எட்டிப் பாத்தியாட்டி? டெல்லிக்குப் போவத் தெரியுது, முல்லக்காட்டுக்கு வரத் தெரியலயோ? தலைவியாம் தலைவி, தலையில எண்ணெயக் காணல."

பிரமசக்திக்குச் சிரிப்பை அடக்கக் கன்னம் வலித்தது. தெருமுனை திரும்பியதும் அதே கனகமணி பின்பக்கச் சந்து வழியாக ஓடி வந்து, அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டைக் கையில் திணித்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். அன்றைக்கு முழுக்க அப்படித்தான். திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவதுபோல ஊரே கூடி அவள் மேல் ஏச்சை ஊற்றியது. ஒரு வாரத்தில் எண் பதினொன்றுக்கு வந்தது. பிறகு பதினாறு.

பதினாறில் நின்றுவிட்டது.

"ஒரே ஏச்சை எல்லாரும் ஏசுறாங்க," என்றாள் ரிஸ்வானா. "தண்ணி எங்க, ரோடு எங்கன்னு. நீங்க இன்னும் பதவிக்கே வரல, ரோடு எப்படிப் போடுவீங்க? மனப்பாடம் பண்ணினதை அது கழிச்சிருது. பொய்க் கோபத்துல தொண்டை வேற மாதிரி இருக்குமாம்க்கா. நெசமா ஒண்ணு இருந்தாத்தான் ஏறும்."

"சொந்தமா ஆளுக்கு ஒண்ணு தேடி ஏசச் சொல்லுதேன்," என்றார் பர்னாந்து. "இன்னொண்ணு தங்கச்சி. நேத்து ஏசின ஒரு கிழவருக்கு நீ பதில் சொன்ன பாத்தியா, தப்பாயிட்டுன்னு. இனிமே சொல்லாத. மன்னிப்புக் கேட்டா ஆளு தணிஞ்சிருவான். தணிஞ்சிட்டா பதமாப் பேசுவான். பதமாப் பேசினா ஓட்டுப் போச்சு."

தேடினால் கிடைக்காத குறை உண்டா? எந்த மாமியாரிடமாவது கேட்டுப் பாருங்கள். நாட்டில் அவளை நேசித்த அத்தனை பேரும் அவளிடம் ஒரு குறை தேடத் தொடங்கினார்கள். கூட்டத்தில் தன் பெயரைச் சொல்ல மறந்தது ஒருத்திக்கு ஞாபகம் வந்தது. கடிதம் போட்டும் பதில் வராதது ஒருவனுக்கு. அவள் ஊருக்கு வந்தபோது கார்க் கண்ணாடியை இறக்காதது இன்னொருவனுக்கு. முதலில் சிரித்துக்கொண்டே தேடியவர்கள், கிடைத்த பிறகு சிரிக்கவில்லை. அட, ஆமாம், அவள் அப்படித்தானே செய்தாள் என்று அவர்களுக்கே தோன்றியது. எண் பதினெட்டு, இருபது என்று ஏறியது. சந்து வழியாக ஓடி வந்து கண் சிமிட்டுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

முப்பத்தோராம் நாள் மாப்பிள்ளையூரணியில் கொம்பையா வீட்டுக்குப் போனார்கள். வேலைநிறுத்தத்தின் முப்பத்தெட்டாம் நாள் வெயிலில் சுருண்டு விழுந்து செத்தவன் அவருடைய மகன். அந்தப் பையன் படம்தான் சங்க அலுவலகத்தில் மாலையோடு இருக்கிறது. கொம்பையா இதுவரை ஒரு சொல் குறையாகச் சொன்னவரில்லை.

அவர் கத்தவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்று பேசினார்.

"முப்பத்தி மூணாம் நாளே கம்பெனிக்காரன் சம்மதம்னான். கூலி கேட்டதுல முக்காவாசி தாரேன்னான். எல்லாரும் சரின்னாக. நீதான் முழுசும் தந்தாத்தான்னு நின்ன. இன்னும் ஒரே வாரம்னே. அந்த வாரத்துலதான் எம் பையன் போனான். முழுசும் வாங்கிட்ட. நல்லாரு. எனக்கு முக்காவாசி போதுமாயிருந்துச்சு தாயி."

பிரமசக்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் காலைத் தொட வேண்டும் என்று கை துடித்தது. பதில் சொல்லக் கூடாது. சொன்னால் அவர் தணிந்துவிடுவார். அவர் கதவைச் சாத்தினார். தெருமுனையில் அவள் வேனை நிறுத்தச் சொல்லி கால் மணி நேரம் காத்திருந்தாள். அந்தச் சந்து வழியாக ஒரு கோழிதான் வந்தது.

"அது நடிப்பா அண்ணாச்சி?"

"நடிப்புன்னா கணக்குல ஏறாதே. பத்து நிமிசத்துல அந்தத் தெரு ஏறியிருக்குன்னு இந்தப் பிள்ளை சொல்லுதா."

"எனக்குப் போடுவாரா?"

பர்னாந்து கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஏசுறவன் போடுவான் தங்கச்சி. முப்பது வருச அனுபவம்."

பிரமசக்திக்கு இறங்கி ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் எங்கே ஓடுவது? அவள் விலகினால் சீட்டில் மறுபடியும் அதே இரண்டு பெயர். காது சுவரிலேயே இருக்கும். அடுத்த தடவை நிற்கிறவனுக்கு இந்த வழியும் அடைபட்டுப் போயிருக்கும். இந்த வருஷத்துப் பேச்சையும் அது கற்றுக்கொண்டுவிடும். உள்ளே வந்துவிட்டாள். வந்த வழி தெரிந்தது, போகிற வழியைக் காணவில்லை.

முப்பத்தேழாம் நாள் மூன்றாம் இடம். அவளுக்கு 23.7, இரண்டாம் இடத்தில் இருந்தவருக்கு 24.1.

ரிஸ்வானா பேசத் தயங்குவதைப் பார்த்து, "சொல்லு," என்றாள் பிரமசக்தி.

"வேட்பாளர் வீட்டுக் காது திறந்த காதுக்கா. நாற்பது நாளும் யார் வேணும்னாலும் கேக்கலாம், சட்டமே இருக்கு. எல்லா நிழலும் அதைக் கேக்கும். உங்களை நல்லாத் தெரிஞ்ச ஆள் உங்ககிட்ட எப்படிப் பேசுறார்னு பாக்கும்." கணினியை மடியில் கவிழ்த்தாள். "மச்சான் ரொம்பப் பதமாப் பேசுறார்."

அவள் புருஷன் சேர்மத்துரை, உப்பு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் மூட்டை தைக்கிறவன். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவளிடம் அவன் குரல் உயர்த்தியதில்லை. அவளிடம் என்ன, யாரிடமும் இல்லை. வசூலுக்கு வருகிறவன், வழி தவறி வருகிறவன், எல்லாருக்கும் ஒரே சிரிப்பு, ஒரே சரி. இப்படி ஒரு புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று பெண்கள் பொறாமைப்படுவார்கள். அந்தப் பதம்தான் இப்போது அவள் கழுத்தில் விழுந்த கயிறு.

காது இல்லாத இடத்தில் பேச வேண்டும் என்று அவனை உப்பளத்துக்குக் கூட்டிப் போனாள். வரப்பில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு ஏச வராது சத்தி."

"பத்தொம்பது வருசத்துல ஏதாவது ஒண்ணு இருக்கும்லா அத்தான்?"

அவன் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இருக்கும்," என்றான். கொஞ்சம் கழித்து, "வேண்டாம்," என்றான்.

"மூணு நாளுதான் இருக்கு. நமக்காகவா கேக்கேன்? நாட்டுக்காகத்தான் கேக்கேன்."

சரி என்று அவன் எழுந்து வேட்டியில் ஒட்டிய உப்பைத் தட்டிவிட்டான்.

மறுநாள் மதியம். அவன்தான் சமைத்திருந்தான், வழக்கம்போல. சாளைமீன் குழம்பு. சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தான். சுவரில் காதின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"பிள்ளை வேணும்னு நான் ரெண்டு தடவை கேட்டேன்," என்றான். "மொதத் தடவை, கூலிப் போராட்டம் முடியட்டும்னே. ரெண்டாவது தடவை, டெல்லிக்குப் போயிட்டு வந்துருதேன்னே."

அவள் கை சோற்றில் அப்படியே நின்றது.

"டெல்லியில இருந்து நீ வந்த அன்னைக்கு ஸ்டேசன்ல ஆயிரம் பேரு மாலையோட நிக்கான். நான் பின்னால ஒன் பையத் தூக்கிக்கிட்டு நிக்கேன். பத்திரிகைக்காரன் ஒருத்தன் நீங்க யாருன்னு கேட்டான். டிரைவர்னு சொன்னேன். எதுக்கு அப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. நீ பக்கத்துலதான் நின்ன. ஒனக்குக் கேட்டுச்சு. திரும்பிப் பாத்துச் சிரிச்சிட்டு முன்னால நடந்துட்ட."

தெருவில் ஒரு மீன்காரியின் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"நான் வீட்டுக்கு வந்து ஒனக்குச் சோறு பொங்கினேன். அதுக்கப்புறம் நான் பிள்ளை கேக்கல. ஏன் கேக்கலன்னு நீயும் கேக்கல. ஒலகத்துல இருக்கவன் குறை எல்லாம் ஒனக்குக் காதுல விழுது சத்தி. நான் ஊமையா இருந்தா எனக்குக் குறையே இல்லன்னு நெனச்சுக்கிட்ட."

அவளுக்கு அந்த ஸ்டேசன் ஞாபகம் இருந்தது. அந்தச் சிரிப்பும் ஞாபகம் இருந்தது. அவன் விளையாட்டுக்குச் சொன்னான் என்றுதான் அன்று நினைத்தாள், அல்லது அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. இப்போது எழுந்து போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தப்புதான் அத்தான் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவன் தணிந்துவிடுவான். அவனைப் போலச் சட்டென்று தணிகிறவன் இந்த ஊரிலேயே இல்லை. சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாடு முழுக்க இருந்த நிழல்கள் அவளுடைய அடுத்த வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

பிரமசக்தி சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். விழுங்கினாள். அடுத்த கவளத்தை எடுத்தாள். அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனான். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

நாற்பதாம் நாள் அவளுக்கு 25.3. இரண்டாம் இடம். தெருவில் வெடி வெடித்தார்கள். பர்னாந்து குழந்தை மாதிரி அழுதார்.

நிஜத் தேர்தலில் சீட்டு ஒன்று, பெயர் இரண்டு, திரைக்குப் பின்னால் மனிதர்கள். அதில் என்ன நடக்கும் என்று கணிக்க நிழல்களுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் காது கேட்பதை ஓட்டுப் பதிவு நாள்வரை நிறுத்தாது. அன்று காலை பள்ளிக்கூடத்தில் அவளும் புருஷனும் சேர்ந்தே போய் ஓட்டுப் போட்டார்கள். வெளியே வந்ததும் வெயில் அடிக்கிறது என்று சேர்மத்துரை குடையை விரித்து அவள் தலைக்குமேல் பிடித்தான். எதிரே வந்தவர்கள் எல்லாரும் கும்பிட்டார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் விடாமல் பதமாகப் பேசினார்கள்.

"எனக்குத்தான அத்தான் போட்டீங்க?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

"வேற யாருக்குப் போடுவேன்?" என்றான் அவன், அதே சிரிப்போடு. "பாத்து வா, பள்ளம் கெடக்கு."

அவள் பள்ளத்தைத் தாண்டி நடந்தாள். இந்தச் சிரிப்பைத்தான் வசூலுக்கு வருகிறவனுக்கும் கொடுக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் தோன்றியதைத் திருப்பி அனுப்ப முடியவில்லை. நாற்பது நாள் அந்தக் கணக்கிலேயே கிடந்துவிட்டாள்.

நூற்றுக்கு ஐம்பத்து மூன்று வாங்கி பிரமசக்தி ஜெயித்தாள். கட்சி இல்லாத, குடும்பப் பெயர் இல்லாத, உப்பு வாரின ஒரு பெண் நாட்டின் தலைவராக முடியுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் கிடைத்துவிட்டது. முடியும். தலைநகரத்துக்கு அவன் கூட வரவில்லை. கிட்டங்கியில் சரக்கு ஏற்றுமதி நேரம், முடித்துவிட்டு வருகிறேன் என்றான். சரி என்றாள். ஐம்பத்து மூன்று பேரில் எத்தனை பேர் ஏசியவர்கள், எத்தனை பேர் ஏசி முடித்து விலகிப் போனவர்கள் என்று ரயிலில் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை.

பதவி ஏற்று வேலைக்கு வந்த முதல் நாள் காலை, மேசை மேல் முதல் ஆணை இருந்தது. எல்லா வீட்டுக் காதுகளையும் அகற்றுவது. எல்லா நிழல்களையும் அழிப்பது. ஒவ்வொரு வரியும் அவள் சொல்லி ரிஸ்வானா எழுதியது. ரிஸ்வானாதான் இப்போது அவளுடைய செயலாளர். புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். முகமெல்லாம் வெளிச்சம்.

"போடுங்கக்கா. நீங்க போட்ட அஞ்சாவது நிமிஷம் அழிக்க ஆரம்பிச்சிருவாங்க. சாயங்காலத்துக்குள்ள ஒண்ணு இருக்காது. யாரு நெனச்சாலும் திரும்ப எடுக்க முடியாது."

பிரமசக்தி பேனாவைத் திறந்தாள். ஒரு முறை படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

"ரிஸ்வானா, ஒரு ஆளோட நிழல் கடைசியில யாரு பக்கம் நின்னுச்சுன்னு பாக்க முடியுமா?"

ரிஸ்வானாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "தலைவர் எழுதிக் கேட்டா முடியும். பழைய ஆளுங்க வச்ச சட்டம். நம்ம அறிக்கையில ஒரு பக்கம் முழுக்க அதைத்தான்க்கா கிழிச்சிருக்கோம்."

"தெரியும்."

"யாரோடது?" என்றாள் ரிஸ்வானா. கேட்டிருக்க வேண்டியதில்லை.

"எடுக்க எவ்வளவு நேரமாகும்?"

"நாளைக்குக் காலையில வந்துரும்."

"அப்ப நாளைக்குப் போடுதேன் கையெழுத்து. ஒரு நாளுதான்."

பேனாவை மூடி வைத்தாள். ரிஸ்வானா கோப்பை எடுத்துக்கொண்டு கதவுவரை போய்விட்டாள்.

"எடுக்கதுதான் எடுக்க," என்றாள் பிரமசக்தி. "எங்க தெருவையும் சேத்து எடுத்துரு."

ரிஸ்வானா திரும்பிப் பார்க்காமலே நின்றாள். "தெரு முழுக்கன்னா ஒரு வாரம் ஆகும்க்கா."

"ஆகட்டும்."